அது மூலம் இல்லம்மா, குடல்!

போன வாரம் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்ல இருந்து 61 வயசு அம்மா வந்தாங்க. நாலு வருஷமா மலம் கழிக்கறப்பெல்லாம் ஆசனவாய் வழியா சதை வெளிய வருது, அவங்க பாஷையில "அடி தள்ளுது", கையால உள்ள தள்ளிட்டு துணிய மடிச்சு வச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டு கொழுந்து பறிக்கப் போயிருக்காங்க. நடுவுல, பஸ் ஸ்டாண்ட் சுவத்துல "மூலம் பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல்"னு போஸ்டர் ஒட்டியிருக்குமே, அந்த ஆள்கிட்ட ரெண்டு தடவ ஊசி வேற. இந்த மாசத்துல மூணாவது கேஸ் இது, அதான் ராத்திரி உக்காந்து டைப் பண்றேன்.

இது மூலம் இல்லீங்க. மூலம்னா ஆசனவாய்ல இருக்கற ரத்தக்குழாய் மெத்தை வீங்கி இறங்கறது, தனித்தனி உருண்டையா தெரியும். இது மலக்குடல் இறக்கம்: மலக்குடலே, முழு சுவரோட, சட்டைக் கைய உள்ள இருந்து இழுத்தா திரும்பிக்கிட்டு வருமே அப்படி வர்றது, வட்டம் வட்டமா மடிப்பு இருக்கும். மூல மாத்திரை, களிம்பு, கருணைக்கிழங்கு லேகியம், எதுவும் இறங்கின குடல மேல ஏத்தாது. ஊசி போட்டா புண்ணாகும், அவ்ளோதான். (எங்க டாக்டருங்களுக்கும் ஒண்ணு: ஒருக்களிச்சுப் படுக்க வச்சுப் பாத்துட்டு "ஒண்ணும் இல்ல"னு அனுப்பாதீங்க, டாய்லெட்ல குத்த வச்சு முக்கச் சொல்லிப் பாருங்க.)

வயித்தக் கிழிப்பாங்கன்னு பயம் வேண்டாம். லேப்ராஸ்கோப்ல சின்னச் சின்ன ஓட்டைதான், குடல மேல இழுத்து இடுப்புக்குப் பின்னாடி எலும்புல தையலோ வலையோ போட்டு நிறுத்திடுவோம், பெரும்பாலும் சில நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். முழு மயக்கம் தாங்காதவங்களுக்கு கீழ் வழியாவே பண்ற ஆபரேஷன் இருக்கு, ஆனா திரும்ப இறங்கற வாய்ப்பு அதுல கூட. தள்ளிப் போட்டீங்கன்னா மலத்த அடக்கற தசை தளந்து தன்னால கசியும், அப்புறம் குடல சரி பண்ணினாலும் தசை பழையபடி வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

குளிருதுன்னு தண்ணி குடிக்காம கட்டஞ்சாயாலயே நாள ஓட்டுறது, தோட்டத்துல டாய்லெட் இல்லன்னு அடக்கறது, அப்புறம் அரை மணி நேரம் முக்கறது, இத முதல்ல நிறுத்துங்க. (டாய்லெட் கட்டாத எஸ்டேட்காரங்களுக்கும் இதுல பங்கு இருக்கு.) ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் இலை மூட்டை தூக்காதீங்க, மேஸ்திரி திட்டினாலும் சரி. குழந்தைக்கு வந்தா பெரும்பாலும் மலச்சிக்கல சரி பண்ணினாலே நின்னுடும், ஆனா காட்டுங்க.

வெளிய வந்தது உள்ள போகல, கருநீலமா மாறுது, வலிக்குதுன்னா காலையில முத பஸ்ல மேட்டுப்பாளையம் இறங்கலாம்னு உக்காராதீங்க, உடனே 108.

ஏம்மா நாலு வருஷம் சொல்லலன்னு அந்த அம்மாகிட்ட கேட்டேன். "பொம்பள டாக்டர் இல்லியே சாமி"ன்னாங்க. சிஸ்டர் கூடவே நிப்பாங்கம்மா, கேட்டாப் போதும், தயவு செஞ்சு கேளுங்க.