குல்லிக்கோட பலகையும் வளர்ற பசங்க விரலும்

விரல் வலின்னு ஃபிசியோதெரபிக்கு வர்ற ராக் கிளைம்பர்ஸ்கிட்ட என்ன பயிற்சி பண்ணீங்கன்னு கேட்டா நிறைய பேர் சொல்றது கேம்பஸ் போர்டு. ஜெர்மனிக்காரர் வொல்ஃப்காங் குல்லிக் 1988-ல நியூரம்பெர்க்ல ஒரு ஜிம்ல கொண்டு வந்தது, முன்னால சாய்ஞ்ச பலகையில வரிசையா கட்டை அடிச்சு, கால் வைக்காம விரலால மட்டும் தாவித் தாவி மேல போறது.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லங்க. 1986-ல அமெரிக்காவோட யோசெமிட்டில செபரேட் ரியாலிட்டின்னு கூரை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கற பாறைய கயிறே இல்லாம ஏறினாரு, 1991-ல ஜெர்மனியோட ஃபிராங்கன்யுராவுல ஆக்சன் டைரக்ட்னு ஒரு ரூட் (பாறையில ஏறுற பாதை), 9ஏங்கற கஷ்ட அளவுல உலகத்துலயே முதல்னு பொதுவா சொல்றது அதைத்தான், பிடிக்க இருக்கறதெல்லாம் ஒரு விரல் ரெண்டு விரல் நுழையுற குழிங்க, அதுக்குத்தான் இந்தப் போர்டுல அப்படி உழைச்சாரு. அடுத்த வருஷமே 31 வயசுல கார் விபத்துல போயிட்டாரு, நினைச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்கு.

ஆனா போர்டு செய்யறதுக்கு முன்னாடியே உலகத்துலயே கஷ்டமான ரூட்டுங்கள முடிச்சவர் அவர், வருஷக்கணக்கா பழகின விரல். நம்ம பசங்க வீடியோ பாத்த வாரமே தொங்குறாங்க. தசை சீக்கிரம் பலமாகிடும், தசைநாணும் அதை எலும்போட ஒட்டிப் பிடிக்கிற புல்லியும் ரொம்ப மெதுவாத்தான் பழகும். பெரியவங்களுக்கு பெரும்பாலும் மோதிர விரல்ல டப்புனு சத்தம் கேக்கும், புல்லி கிழிஞ்சிருக்கலாம், அன்னைக்கே நிறுத்திட்டு ஸ்கேன் எடுங்க.

டீன் ஏஜ் பசங்களுக்கு சத்தமே கேக்காது, அதான் என் பயம். ஒரு பையன் நடுவிரல்ல டேப் சுத்திக்கிட்டே மாசக்கணக்கா ஏறியிருக்கான், நடு மூட்டோட முதுகுப் பக்கம் வீங்கி, லேசா அழுத்தினதுமே கைய இழுத்துக்கிட்டான், பாத்தா குரோத் பிளேட்ல முறிவு. எலும்பு இன்னும் வளர்ற இடம் அது, தசைநாணை விட பலம் கம்மியான இடம், கவனிக்காம விட்டா விரல் கோணலாவே நின்னுடலாம். சீக்கிரம் வந்தா ஓய்வுலயே பெரும்பாலும் கூடிடும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமலும் போகலாம், வலி போகலன்னா எம்ஆர்ஐ பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

கோச்சுங்களுக்கு ஒரு வேண்டுகோள், வளர்ச்சி முடியாத பசங்கள கேம்பஸ் போர்டுல ஏத்தாதீங்க, விரலை மடக்கி கட்டைவிரலால பூட்டுற ஃபுல் கிரிம்ப் பிடியையும் குறைங்க. பெரிய பிடியில, கால் வேலையில, ரூட்டை கீழ நின்னு படிக்கிறதுலயே அவங்களுக்குக் கத்துக்க அவ்வளவு இருக்கு.