சிடி4: ‘உதவி’ என்ற சொல் போதுமா?

தர்மபுரிப் பக்கம் எச்ஐவிக்குக் கூட்டு மருந்து வாங்க வருகிறவர்கள், நோயை எதிர்க்கும் வெள்ளையணு ஒன்றின் பெயரான ‘சிடி4’-ஐ முழுதாகச் சொல்வது குறைவு. “செல் எவ்வளவு ஏறியிருக்கு?” என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

வெள்ளையணுக்களின் மேலிருக்கும் புரதங்களுக்கு ஒரே மாதிரி பெயர் வைக்க 1982-இல் பாரிஸில் கூடிய ஆய்வாளர்கள் வகுத்த முறைதான் ‘சிடி’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வேறுபாட்டுத் தொகுதி’ என்று வரும்; யாருக்கும் ஒன்றும் விளங்காது. சிடி4, சிடி8 என்பவற்றில் வரும் 4, 8 வரிசை எண்கள். புரதத்தின் பெயரே அதைத் தாங்கும் அணுவுக்கும் ஆகிவந்துவிட்டது. அந்த அணு, நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் (Thymus) சுரப்பியில் முதிர்வதால் ‘டி’ (T) செல்.

சிடி4-ஐப் பாடநூல்கள் ‘உதவி டி செல்’ என்கின்றன. எனக்கு இதில்தான் மனத்தாங்கல். உதவி என்றதும் எடுபிடி வேலைதான் நினைவுக்கு வருகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் யானை இறங்கினால், பரண்மேல் இருப்பவர் குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் டார்ச்சும் பட்டாசுமாக ஓடி வருவார்கள். சிடி4 அந்தப் பரண்காரர். ஓடி வந்து, கிருமி புகுந்த செல்லை அழிப்பது சிடி8. எச்ஐவி முதலில் பற்றிக்கொள்வதோ அந்த சிடி4 புரதத்தைத்தான்.

நலமாக இருக்கும் பெரியவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சிடி4 சுமார் 500 முதல் 1500 வரை இருக்கும். எச்ஐவி தொற்றியவருக்கு அது 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. சிடி4 சரியச் சரிய, ஓயாமல் போராடும் சிடி8 பெருகுகிறது. வழக்கமாக 1-க்கு மேலிருக்கும் சிடி4-சிடி8 விகிதம் 1-க்குக் கீழே கவிழ்ந்துவிடும். மருந்து எடுத்தால் சிடி4 ஏறும். ஆனால் சிடி8 சட்டென்று இறங்காததால் பலருக்கு விகிதம் பழைய நிலைக்கு வர ஆண்டுக்கணக்காகும். பரணுக்கு ஆள் திரும்பிய பிறகும் கீழே கூட்டம் கலையாத கதை.

எய்ட்ஸுக்கு ‘ஏமக்குறைவு நோய்’ என்று ஒரு தமிழ்ப் பெயர் உண்டு. ஏமம் என்றால் காவல். நாட்டுக்கு அணியானவற்றைச் சொல்லும் 738-ஆம் குறளில் பிணியின்மையும் ஏமமும் தனித்தனியாகவே வருகின்றன. பத்திரிகைகள் எழுதிய ‘உயிர்க்கொல்லி’யைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம், ‘உதவி’க்கு மாற்றாக ‘ஏவணு’ என்று நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “ஏவல், பில்லி சூனியம் மாதிரி இருக்குதே” என்றார். சரி, ‘தூண்டணு’ என்று வைத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் மட்டும் சிடி4 என்றே இருக்கட்டும். ஊர் மாறிப் போனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள்.