18 எண்களில் ஒரு வகுப்பறை

2021-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு பாடத்தின் மாணவர்களுக்கு விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டை, அதாவது கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் திரைக் கருவியை, வீட்டுக்கே அனுப்பி வைத்தது. பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2003 முதல் நடத்திவரும் 'வர்ச்சுவல் பீப்பிள்' என்ற பாடம் அது. அந்த ஆண்டு இரண்டு பருவங்களிலும் சேர்த்து 263 பேர் மெய்நிகர் வகுப்பறைக்குள் கூடிப் படித்தார்கள்.

வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் ஒரே அறையில் நிற்பது எப்படி?

வீடியோ வகுப்பில் ஒவ்வொருவரின் படமும் இணையம் வழியே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விஆரில் அந்தச் சுமை இல்லை. அறை, மேசை, அவதார் (அங்கே நமக்குப் பதிலாக நிற்கும் உருவம்) எல்லாம் முன்பே கருவியில் இறங்கியிருக்கும். அப்புறம் போய்வர வேண்டியவை குரலும் சில எண்களும்தான். தலையும் இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன என்பதற்குத் தலா மூன்று எண்கள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதற்கு இன்னும் மூன்று. மொத்தம் 18. நொடிக்குப் பல முறை இவை வந்து சேர, எதிரில் நிற்கும் அவதார் தலையாட்டுகிறது, கையை உயர்த்துகிறது.

இந்த எண்களைக் கண்டுபிடிப்பது ஹெட்செட்டின் வேலை. அதன் கேமராக்கள் சுவரின் மூலைகளையும் மேசை விளிம்புகளையும் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. உள்ளே இருக்கும் கைரோஸ்கோப் தலையின் திருப்பத்தை அளக்கிறது. தலை திரும்பியதும் சுமார் 20 மில்லிநொடிக்குள் காட்சி மாறிவிட வேண்டும். தாமதித்தால் கண் சொல்வதும், உடலின் அசைவை உணரும் உட்காது சொல்வதும் முரண்பட்டு, குமட்டும். அதனால் தலை அடுத்து எங்கே போகும் என்று கணித்து, அதற்கான காட்சியைக் கருவி முன்கூட்டியே வரைகிறது. இதற்கு இணையத்தின் உதவி வேண்டியதில்லை. இணைப்பு மந்தமானால் நண்பரின் அவதார்தான் திக்கித் திக்கி அசையும். நம் பார்வை தடுமாறாது.

ஒலியில்தான் எனக்குப் பெரிய வியப்பு. இடப்பக்கம் நிற்பவர் பேசினால் குரல் இடக்காதுக்கு இம்மி முந்தியும் கொஞ்சம் உரக்கவும் கேட்கும். நாலடி தள்ளிப் போனால் தேய்ந்துவிடும். எனவே ஒரே அறையில் நாலைந்து குழுக்கள் தனித்தனியாக விவாதிக்கலாம். வீடியோ அழைப்பில் இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே ஒன்றும் புரியாது.

இதை வைத்து ஒரு மணி நேரச் சொற்பொழிவை விஆரில் கேட்க வைப்பது வீண் என்றே நினைக்கிறேன். குறிப்பெடுக்க முடியாது, அரை மணியில் நெற்றி வலிக்கும். உடற்கூறியல், கட்டடக்கலை போல சுற்றிவந்து பார்க்க வேண்டிய பாடங்களுக்கு இது பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. பெய்லன்சனின் ஆய்வகம் 2020-இல் 511 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுத் தரவை வைத்தே, அது யாருடையது என்று கணினி சுமார் 95 சதவீதம் சரியாகச் சொன்னது. பெயரையும் முகத்தையும் மாற்றிக்கொள்ளலாம். உயரத்தையும் கையசைக்கும் விதத்தையும் மாற்றுவது கடினம். ஹெட்செட் வாங்கும் பல்கலைக்கழகம், இந்த எண்கள் யாரிடம் தங்கும், எப்போது அழிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.