பிரேக் அடித்தால் முன்பக்கம் குத்துகிறதா? பஃபர் மாட்டுமுன் இதைப் பாருங்கள்

"பிரேக் போட்டா முன்னாடி குத்துது, ரெண்டு பஃபர் மாட்டிக் குடுங்க" என்று கேட்டு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் அதிகம். குத்துது என்றால், பிரேக் போடும்போது காரின் மூக்கு, அதாவது முன்பக்கம், கீழே அமுங்குகிறது என்று பொருள். பஃபர் என்று, காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே திணிக்கும் ரப்பர் வளையத்தைத்தான் கேட்கிறார்கள். மாட்டினால் குத்துவது குறையும், உண்மைதான். ஆனால் கோளாறு உள்ளேயே இருக்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1000 கிலோ எடையுள்ள கார், வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2.45 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில். நல்ல தார்ச்சாலையில் 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 மடங்கு) அளவுக்கு அழுத்தி பிரேக் அடித்தால் சுமார் 180 கிலோ பாரம் பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறும். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தாலும் விறைப்பாக இருந்தாலும் இது கிட்டத்தட்ட மாறாது. மூக்கு எவ்வளவு இறங்கும் என்பதுதான் ஸ்பிரிங்கின் கையில் இருக்கிறது. எவ்வளவு வேகமாக இறங்கும், ஆடாமல் நிலைக்குமா என்பதை ஷாக் அப்சார்பர் பார்த்துக்கொள்கிறது. இதுபோக, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களைப் பொருத்தும் கோணத்தாலேயே பிரேக் விசையின் ஒரு பங்கு மூக்கைத் தாங்கும்படி பல கார்களை வடிவமைத்திருப்பார்கள்.

வாங்கியபோது ஒழுங்காக இருந்த வண்டி இப்போது குத்துகிறதென்றால், நான் முதலில் ஷாக்கைத்தான் சந்தேகப்படுவேன். அது மெல்ல மெல்லப் போவதால், தினமும் ஓட்டுகிறவருக்குப் பழகிவிடும். முன்டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ரப்பர் அங்கங்கே பள்ளம் விழுந்து அலை அலையாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (கீழ் ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர்) சோதிக்க வேண்டும்.

இந்த நிலையில் பஃபர் மாட்டினால் ஸ்பிரிங்கின் சில சுற்றுகள் வேலை செய்யாமல் பூட்டப்படும். ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். ஏற்கெனவே தளர்ந்த ஷாக்கால் அதை அடக்க முடியாது. குண்டும் குழியுமான சாலையில் பிரேக் அடிக்கும்போது டயர் தரையை விட்டுவிட்டு எழும்பும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கைத் தளர்த்தும், வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இதைவிட மோசம். சஸ்பென்ஷன் இறங்க இடமே இல்லாமல் பம்ப் ஸ்டாப்பில் (கடைசித் தடுப்பாக இருக்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும், ஆர்ம்களின் கோணமும் கெட்டுவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நேர்மாறாகப் பின்பக்கம் அமுங்கும். நம் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்களைத்தான். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்று மழையில் மேடு ஏறினால், முன்டயரில் பாரம் குறைந்து சக்கரம் வழுக்கிச் சுற்றும், மெதுவாக மிதியுங்கள். இரவு நேரமானால் ஹெட்லைட்டும் மேலே தூக்கி, எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும். அதைத் தாழ்த்தப் பல கார்களில் டேஷ்போர்டில் சின்னத் திருகு இருக்கிறது, அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

ஷாக்கை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றும்போதே பம்ப் ஸ்டாப்பையும் ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிணைக்கும் மவுன்ட்டையும் பார்த்துவிட்டு, அப்புறம் வீல் அலைன்மென்ட் செய்யச் சொல்லுங்கள். வேகத்தடை வந்தால், முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, சக்கரம் ஏறுவதற்குச் சற்று முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏறினால், ஏற்கெனவே அமுங்கி நிற்கும் மூக்குதான் முதலில் அடிவாங்கும்.