ஆன்லைன் டி.பி.டி.க்கு நகையை அடகு வைப்பதற்கு முன்

பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்த பிள்ளை, கூடவே அப்பா, கையில் வழவழப்பான ஒரு பிராஸ்பெக்டஸ். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி எங்கே போனாலும் பிசியோதெரபிஸ்டுகளிடம் இந்தக் கூட்டணி வந்து நிற்கிறது. ‘ஒரு வருஷ டி.பி.டி., எல்லாமே ஆன்லைன், முடிச்சா அமெரிக்காவுல வேலை’ என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். டி.பி.டி. என்றால் ‘டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி’, பிசியோதெரபியில் முனைவர் தரப் பட்டம். சவுகார்பேட்டையில் நகை அடகுக்குப் போய், முதல் தவணையும் கட்டியாகியிருக்கும். ‘இது செல்லுமா சார்?’ என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வரும். கட்டுவதற்கு முன் கேட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை.

டி.பி.டி. என்ற பெயரில் அமெரிக்காவில் இரண்டு படிப்புகள் இருக்கின்றன. ஏஜென்ட்களின் பிழைப்பே இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதில்தான் ஓடுகிறது.

முதலாவது, பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கான படிப்பு. ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் முடித்த பிறகு பெரும்பாலும் மூன்று வருஷம், நேரில். உடற்கூறு ஆய்வகம் உண்டு, மருத்துவமனைகளில் முழுநேரப் பயிற்சியே குறைந்தது 30 வாரம். இதற்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பு கேப்டி (CAPTE). 2015 முடிவதற்குள் எல்லா பிசியோதெரபி படிப்பும் முனைவர் தரத்துக்கு மாற வேண்டும் என்று விதித்ததும் அதுவே.

இரண்டாவது, ‘ட்ரான்சிஷனல்’ டி.பி.டி. அந்த விதி வருவதற்கு முன் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. படித்து, லைசென்ஸும் வாங்கி, அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பட்டத்தை உயர்த்திக்கொள்ள வந்த படிப்பு இது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கானது என்பதால் பெரும்பாலும் ஆன்லைன். கேப்டி இதற்கு அங்கீகாரமே தருவதில்லை. தப்பாகப் படிக்காதீர்கள்: மறுக்கவில்லை, தருவதே இல்லை. லைசென்ஸ் இருப்பவருக்கான படிப்புக்கு லைசென்ஸ் அங்கீகாரம் எதற்கு? ஆகவே நம் பி.பி.டி.க்காரர் இதை முடித்தாலும் அமெரிக்க லைசென்ஸ் போர்டின் கண்ணில் அவர் வெளிநாட்டில் படித்தவர்தான். அந்தச் சான்றிதழை மட்டும் காட்டினால் லைசென்ஸ் தேர்வு எழுத விடமாட்டார்கள். அங்குள்ள ஒழுங்கான பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் அந்தப் பாடங்கள் விடுபட்ட கிரெடிட்டை (பாடங்களுக்கான மதிப்பலகு) நிரப்ப உதவலாம், அவ்வளவுதான் அதன் பயன். பெயரே கேள்விப்படாத பல்கலைக்கழகம் என்றால் அதுவும் கிடையாது.

பி.எச்டி. இதிலிருந்து முற்றிலும் வேறு, ஆராய்ச்சிப் பட்டம். கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. முடித்தவரும் அமெரிக்காவில் நோயாளியைத் தொட லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும்.

சரி, வழி இல்லையா? இருக்கிறது, இரண்டு. ஒன்று, மேலே சொன்ன மூன்று வருஷப் படிப்பில் சேர்வது. பி.டி.கேஸ் (PTCAS) என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகப் போக வேண்டும். வேதியியல், இயற்பியல், புள்ளியியல், உளவியல் எல்லாம் முன்பாடமாகக் கேட்பார்கள். ‘இங்கேதான் படித்திருக்க வேண்டும்’ என்று சில கல்லூரிகள் பிடிவாதம் பிடிக்கும். செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். முடித்த பின் ஓ.பி.டி., அதாவது மாணவர் விசாவில் வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம்தான், கம்ப்யூட்டர் படித்த அண்ணனுக்குக் கிடைத்த நீட்டிப்பு இதற்குக் கிடையாது.

இன்னொன்று, கையில் இருக்கும் பி.பி.டி.யையே, வெளிநாட்டுப் படிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் எஃப்.சி.சி.பி.டி. (FCCPT) போன்ற அமைப்பிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவது. நாலரை வருஷம் படித்ததைப் பாடம் பாடமாக, கிரெடிட் கிரெடிட்டாக அங்குள்ள படிப்போடு ஒப்பிடுவார்கள். பெரும்பாலும் பொதுக்கல்விப் பாடங்களில் ஓட்டை விழும். எது குறைகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். ஏஜென்ட் விற்கும் முழுப் பொட்டலம் தேவையே இல்லாமல் போகலாம். மதிப்பீடு முதலில், படிப்பு பிறகு. வரிசையை மாற்றுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் என்.பி.டி.இ. (NPTE) என்ற லைசென்ஸ் தேர்வு. 225 கேள்வி, 5 மணி நேரம். மதிப்பெண்ணுக்கு 180தான், மீதி 45 பரீட்சார்த்தக் கேள்விகள்; எது எது என்று உங்களுக்குத் தெரியாது. 200 முதல் 800 வரையிலான அளவில் 600 எடுத்தால் பாஸ். 12 மாதத்தில் மூன்று தடவை, வாழ்நாளில் ஆறு தடவைக்கு மேல் எழுத முடியாது. ‘சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்’ என்கிற ஆளா? வேண்டாம். பழைய கேள்விகளை நினைவிலிருந்து திரட்டி விற்கும் குரூப்பில் காசு கட்டவே கட்டாதீர்கள். கேள்விகள் கசிந்ததற்காகத்தான் 2010 ஜூலையில் இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, பிலிப்பைன்ஸ் நாடுகளில் படித்தவர்களுக்கு மொத்தமாகத் தேர்வையே நிறுத்தி வைத்தார்கள். யாரோ செய்த தப்பு, ஒழுங்காகப் படித்தவனும் காத்துக் கிடந்தான்.

சோதிப்பது எப்படி என்றால், கேப்டி இணையதளத்தில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. கல்லூரிப் பெயர் இருந்தால் மட்டும் போதாது, படிப்பின் பெயரையும் பாருங்கள். ஒரே பல்கலைக்கழகம் இரண்டு டி.பி.டி.யும் நடத்தும். ‘கேண்டிடேட்’ என்று போட்டிருந்தால் அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். ஏஜென்ட்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இந்தச் சான்றிதழை வைத்து எந்த மாநிலத்தில் என்.பி.டி.இ. எழுதலாம்? அந்த மாநில போர்டின் விதியை எழுத்தில் காட்டு.’ பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவெல்லாம் எழுத்து ஆகாது.

‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளத்தான் டி.பி.டி. என்பவர்களுக்கு: இந்தியாவில் அந்த முன்னொட்டுச் சண்டை தனி. 2025 செப்டம்பரில் போடக்கூடாது என்று டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்து, மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. பெயர்ப்பலகையில் எழுதும் ஒரு வார்த்தைக்காக வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள் அப்பா.

இப்போது கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளியே வருவதற்குள் உங்கள் பேட்சின் முழுப் பாடத்திட்டம், ஒவ்வொரு பாடத்துக்குமான மணி நேரம், மருத்துவமனைப் பயிற்சி மணிக்கணக்கு எல்லாவற்றையும் கல்லூரி முத்திரையோடு வாங்கி வையுங்கள். மதிப்பீட்டுக்கு அது இல்லாமல் நடக்காது. ஆறு வருஷம் கழித்துப் போய் நின்றால் பாடத்திட்டம் மாறியிருக்கும், ஆபீஸில் உங்களைத் தெரிந்தவர் ரிட்டயர் ஆகியிருப்பார்.