ஸ்டென்ட் வைத்த பிறகு: காயம் ஒரு வாரம், மாத்திரை பல மாதம்

அடைபட்ட இதய ரத்தக் குழாயை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வீடு திரும்பியவர்கள் அடிக்கடி தொட்டுப் பார்ப்பது மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள சிறு காயத்தை. அது பொதுவாக ஒரு வாரத்தில் ஆறிவிடும். அதைவிடக் கவனம் தேவைப்படுவது குழாயைத் திறந்து வைக்க உள்ளே பொருத்திய, கண்ணுக்குத் தெரியாத ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழலுக்குத்தான்.

விரிந்த ஸ்டென்ட்டின் உலோகக் கம்பிகள்மேல் ரத்தம் நேரடியாகப் படுகிறது. அங்கே தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டால் ரத்தம் உறைந்து குழாய் திடீரென அடைபடும், அது மாரடைப்பு. நாளடைவில் குழாயின் உள்சவ்வு கம்பிகள்மேல் வளர்ந்து மூடிவிடும். ஆனால் மறுபடி சுருக்கம் வராதிருக்க ஸ்டென்ட்டில் பூசிய மருந்தே இந்த வளர்ச்சியையும் தாமதப்படுத்துகிறது. அதுவரை காவல் ஆஸ்பிரினும், கூடவே தரப்படும் குளோபிடோக்ரெல் அல்லது டைகாக்ரெலார் போன்ற மாத்திரையும்தான். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டும் வழக்கமாக 12 மாதம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம். அதன்பிறகும் ஏதாவது ஒன்று தொடரும்.

பல் பிடுங்குவதற்காகக்கூட இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள். டைகாக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். பயந்துபோய் விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது: வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும்.

காயத்தில் திடீரென ரத்தம் வந்தால் விரலால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. தொடையானால் மல்லாந்து படுத்து, தோலில் உள்ள துளைக்குச் சற்று மேலே அழுத்த வேண்டும். ஊசி சாய்வாக நுழைவதால் தமனியில் துளை மேலே தள்ளியிருக்கும். பீய்ச்சி அடித்தாலோ நிற்காவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸ். காயத்தைச் சுற்றி நீலம் பாரித்து, கீழிறங்கி மஞ்சளாவது இயல்பு. ஆனால் வீக்கம் பெரிதாகிக்கொண்டே போவது, துடிப்பது, கையோ காலோ சில்லிட்டு மரத்துப்போவது ஆகியவை உடனே காட்ட வேண்டியவை. ஒரு வாரம் கனமான எதையும் தூக்காதீர்கள், நீச்சல் வேண்டாம்.

நெஞ்சு வலித்தால் உட்கார்ந்து, உங்களுக்கு எழுதித் தந்த, ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வையுங்கள். 5 நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில், முந்தைய 24 மணி நேரத்தில் சில்டெனாஃபிலோ 48 மணி நேரத்தில் டடலாஃபிலோ போட்டிருந்தால் நைட்ரேட் கூடாது. ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும். அந்த மாத்திரை போட்டதைக் கூச்சப்படாமல் ஆம்புலன்ஸ்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.