மேசையில் பெண்மையைத் தேடாதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் மஞ்சள் சீட்டு ஒட்டி, படமெடுத்து ஆசையாக அனுப்பியிருந்தார் என் ஸ்பானிஷ் வகுப்பு மாணவி ஒருவர். மேசையில் ‘மேசா’, நாற்காலியில் ‘சியா’, கரண்டியில் ‘குச்சாரா’. ஒரு சீட்டில்கூட ஆண்பால் சொல்லுக்கு முன்னால் வரும் ‘எல்’லும் இல்லை, பெண்பால் சொல்லுக்கு முன்னால் வரும் ‘லா’வும் இல்லை. மறுநாள் வகுப்பில் “எல் மேசா எஸ்தா லிம்பியோ” என்றார். மேசை சுத்தமாக இருக்கிறதாம். மேசை சரி, வாக்கியம்தான் இரண்டு இடத்தில் அழுக்கு. ‘மேசா’ பெண்பால்; அதனால் ‘லா மேசா எஸ்தா லிம்பியா’ என்று, சுத்தத்தைச் சொல்லும் சொல்லும் பெண்பாலில் வரவேண்டும்.

திருத்தினால் உடனே அந்தக் கேள்வி: “மேசை எப்படி சார் பெண்பால் ஆகும்?”

ஆகாது. மேசை பெண்ணல்ல, ‘மேசா’ என்ற சொல்தான் பெண்பால். தமிழில் பொருளைப் பார்த்துத் திணையும் பாலும் சொல்கிறோம், அதனால் வரும் குழப்பம் இது. ஸ்பானிஷில் உயிரற்ற பொருளுக்கு அந்தக் கணக்கே கிடையாது. பெண்கள் அணியும் கவுன் ‘எல் வெஸ்தீதோ’, ஆண்பால். ஆண்கள் கட்டும் டை ‘லா கொர்பாத்தா’, பெண்பால். தாடிகூட ‘லா பார்பா’தான்! இன்னும் நம்பவில்லையா? குளிர்பதனப் பெட்டியை ‘லா நெவேரா’ என்றால் பெண்பால், ‘எல் ஃப்ரிகோரீஃபிகோ’ என்றால் ஆண்பால். பெட்டி அதே பெட்டி. தயவுசெய்து அதற்குள் காரணம் தேடாதீர்கள்.

‘ஓ’வில் முடிந்தால் ஆண்பால், ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் சோஃபா ‘எல் சோஃபா’, கை ‘லா மானோ’. தண்ணீர் இன்னும் குறும்பு: ‘எல் அகுவா’ என்பார்கள், குளிர்ந்த நீருக்கோ ‘எல் அகுவா ஃப்ரீயா’. சொல் பெண்பால்தான்; அழுத்தமான ‘அ’வில் தொடங்குவதால் ஒருமையில் ‘லா’வுக்குப் பதில் ‘எல்’. வாணலிக்கான ‘சார்தேன்’ ஸ்பெயினில் பெண்பால், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் ஆண்பால். அதில் தடுமாறினால் நான் மதிப்பெண் குறைப்பதில்லை.

(நம் ‘மேசை’யே போர்த்துக்கீசிய ‘மேசா’தான். அங்கே அது பெண்பால். இங்கே வந்ததும் அஃறிணை ஆகிவிட்டது.)

சீட்டு ஒட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ‘மேசா’ என்று மட்டும் எழுதிய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். ‘லா மேசா பிளாங்கா’ (வெள்ளை மேசை) என்று நிறத்தோடு எழுதுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு ‘எல், லா அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் வராதீர்கள். அந்த அப்புறத்தில் பட்டியலில் உள்ள அறுபது சொல்லையும் நான் மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கிறது.